பேப்பர் வச்சுக்கோ, சரியாப் போகும்

கொஞ்சம் தள்ளி உக்காருங்க சார், காலை நீட்டிக்கிடுதேன். இல்ல, ஜன்னல் ஓரம் உங்களுக்கே இருக்கட்டும். எனக்கு இந்தப் பக்கம்தான் இறங்கச் சுளுவா இருக்கும். நீங்க திருநெல்வேலியா? நான் பாதியிலயே இறங்கிருவேன், நல்லமங்கலம் விலக்கு, எங்க ஊருக்கு ரோடு பிரியிற இடம். இந்த வண்டி போற போக்குக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

செருப்பையா பாக்குதீங்க? இது என்னோடது இல்ல சார். கல்யாண மண்டபத்துல மாறிப்போச்சு. என்னோடது ஏழாம் நம்பர், பழுப்புக் கலர், நல்ல தோலு. இது பத்து. எந்தத் தடியன் போட்டுட்டு வந்தானோ. நடந்தா கால் ஒரு பக்கம் போகுது, செருப்பு ஒரு பக்கம் போகுது. மண்டபத்துல இருந்து பஸ் ஸ்டாண்டுக்கு வாரதுக்குள்ள ரெண்டு தரம் முட்டி மடங்கிப் போச்சு. கண்டக்டர் வேற விசிலைக் குடுத்துட்டான். எப்படியோ தாவி ஏறிட்டேன். ஏறுறதுல நமக்கு என்னைக்கும் குறை கிடையாது சார், தொழிலே அதுதான்.

நான் பி.டி. மாஸ்டர். நல்லமங்கலம் கவர்மெண்ட் ஸ்கூல்ல தளவாய் சார்னா எல்லாருக்கும் தெரியும். இருபத்திரெண்டு வருஷம் ஒரே ஸ்கூல், ஒரே கிரவுண்டு, ஒரே விசில். விசில்ல பட்டாணிதான் ரெண்டு தரம் மாத்திருக்கேன். அடுத்த வருஷம் ரிட்டயர்மெண்ட். இத்தனை வருஷத்துல ஒருத்தன் என்னைப் பாத்து, நீ செஞ்சது தப்புன்னு சொன்னது கிடையாது. இப்ப சொல்லிட்டாங்க. அதுவும் எழுத்துல.

இந்தப் பையில தாம்பூலத்தோட ஒரு ரிப்போர்ட்டும் இருக்கு பாருங்க. ஒரு வாரமா எனக்குத் தூக்கம் போனது இதனாலதான். கடைசிப் பக்கத்துல நான் கையெழுத்துப் போடணுமாம். நாளைக்குச் சாயந்தரம் அஞ்சு மணிதான் கெடு. போட்டா எங்க ஸ்கூல் பிள்ளை ஒண்ணு, இசக்கித்தாய்னு பேரு, விளையாட்டு விடுதித் தேர்வுக்குப் போகும். போடலைன்னா போகாது. அவ்வளவுதான் விஷயம். கேக்கச் சின்னதாத்தான் இருக்கும். ஆனா அது என் இருபத்திரெண்டு வருஷத்தைக் கேக்குது.

முதல்ல இருந்து சொல்லுதேன், நீங்களே நியாயம் சொல்லுங்க. பொங்கல் முடிஞ்சு ஸ்கூல் திறந்த வாரம் ஒரு அம்மா வந்துச்சு. ஃப்ளோரான்னு பேரு, தூத்துக்குடிப் பக்கம். ஏதோ உடற்கல்விக் காலேஜ்ல அஞ்சு வருஷமா ஆராய்ச்சி பண்ணுதாம். என்ன ஆராய்ச்சின்னு கேட்டேன். ஆம்பளைப் பிள்ளைங்களும் பொம்பளைப் பிள்ளைங்களும் ஷூ போட்டு எப்படிக் குதிக்காங்க, வெறுங்காலோட எப்படிக் குதிக்காங்க, அதைத்தான் அளக்கப் போறேன்னுச்சு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. நின்ன இடத்துல இருந்து மேல குதிக்கிறதுக்கு அஞ்சு வருஷப் படிப்பா? தவளை எந்தக் காலேஜ்ல சார் படிச்சது?

ஹெச்.எம். அனுமதி குடுத்துட்டாரு. அந்தம்மா ஒரு இரும்புத் தட்டு கொண்டு வந்து இறக்குச்சு. அரிசிக் கடைத் தராசு இருக்குல்ல, அதைத் தரையில படுக்கப் போட்ட மாதிரி. அதுல இருந்து வயர் போய் கம்ப்யூட்டர்ல சேருது. மேல ஏறி நின்னு குதிச்சா எத்தனை சென்டிமீட்டர் எழும்புனாங்கன்னு காட்டுமாம். அதோட நிறுத்தினாப் பரவாயில்ல. திரும்பக் கீழ வந்து இறங்கும்போது எவ்வளவு பலமா இறங்குனாங்க, முட்டி நேரா இருந்துச்சா, உள்ள சாஞ்சுதா, அதையும் காட்டுமாம். நான் கேட்டேன், ஏம்மா, மேல போனவன் கீழ வரத்தான் செய்வான், அதுல என்ன அளக்க இருக்குன்னு. அந்தம்மா அதையும் எழுதிக்கிட்டுச்சு. என்ன சொன்னாலும் எழுதிக்கிடுற ஆளு சார் அது.

எங்கிட்ட மட்டும் அளவு இல்லாமலா போச்சு? சத்துணவுக் கூடத்துச் சுவர்ல நானே ஸ்கேல் வச்சுக் கோடு போட்டிருக்கேன். விரல்ல சாக்பீஸ் பொடி தடவி, நின்னுக்கிட்டு எட்டித் தொடணும், அது ஒரு புள்ளி. அப்புறம் குதிச்சுத் தொடணும், அது ஒரு புள்ளி. ரெண்டுக்கும் நடுவுல உள்ளதுதான் குதிச்ச அளவு. வயர் கிடையாது, கரண்டு கிடையாது. வருஷத்துக்கு ஒரு தரம் அளந்து ரெஜிஸ்தர்ல ஏத்திருவேன், பச்சை மையில.

பயலுக நாப்பத்தஞ்சு அம்பதுன்னு தொடுவானுக. பொம்பளைப் பிள்ளைங்க முப்பது, முப்பத்தொண்ணு. அது உடம்பு வாகு சார், நாம என்ன செய்ய முடியும்? அதுலயும் பிள்ளைங்க ஒரு கையால துப்பட்டாவைப் பிடிச்சுக்கிட்டுத்தான் குதிக்கும். துப்பட்டா போடாம யாரும் கிரவுண்டுக்கு வரக்கூடாதுன்னு ரூல் போட்டது நான்தான். ஒழுக்கம் முக்கியம் பாருங்க. அளக்கிற அன்னைக்கு ஸ்கூல் பயலுக முழுக்கச் சுவரைச் சுத்தி நிப்பானுக, விசிலடிப்பானுக. விரட்டினாலும் போக மாட்டானுக. நானும் ரொம்ப விரட்ட மாட்டேன், ஒரு உற்சாகம் இருக்கட்டும்னு விட்டுருவேன்.

ஷூ விஷயம் சொல்லணும். அதுலதான் அந்தம்மா என்னைப் பிடிச்சுச்சு. நான் சேந்த வருஷம் பயலுக வாலிபால் டீம் மட்டும்தான். ஏழு, எட்டு, ஒம்பது சைஸ்ல கேன்வாஸ் ஷூ பன்னெண்டு ஜோடி வேணும்னு அழகாப் பட்டியல் போட்டு ஜில்லா ஆபீசுக்கு எழுதி அனுப்பினேன். வந்துச்சு. அடுத்த வருஷம் எதுக்குத் திரும்ப எழுதணும்? ‘சென்ற ஆண்டு போலவே வழங்குக’ன்னு ஒரே வரி. அதுக்கும் வந்துச்சு. அன்னையில இருந்து அந்த ஒரு வரிதான். ஆபீஸ்ல உள்ள கிளார்க்கே சொல்லுவாரு, தளவாய் சார் லெட்டர் மாதிரி வேலையை மிச்சம் பண்ணுற லெட்டர் ஜில்லாவுலயே கிடையாதுன்னு.

நடுவுல பிள்ளைங்க டீம் ஆரம்பிச்சாங்க. ஆரம்பிக்கட்டும். பயலுகளுக்குப் புது ஷூ வரும், போன வருஷத்துப் பழசு பிள்ளைங்களுக்குப் போகும். வீணாப் போகக்கூடாதுல்லா. கொஞ்சம் பெருசா இருக்கும். நாலாம் நம்பர் காலுக்கு எட்டாம் நம்பர் ஷூ, அவ்வளவுதான். ஷூவுல ஆம்பளை பொம்பளை உண்டா சார்? பிள்ளைங்க வந்து, சார் லூசா இருக்கு, உள்ள கால் ஓடுதுன்னு சொல்லும். நான் சொல்லுவேன், ஏளா, முன்னால பேப்பர் வச்சுக்கோ, சரியாப் போகும். முதல் ரெண்டு வருஷம் கேட்டாங்க, அப்புறம் யாரும் கேக்கல. கிரவுண்டுக்கு வரும்போதே கையில பழைய பேப்பரோட வந்துருவாங்க. அதுதான் பயிற்சிங்கிறது.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்னு சும்மாவா சொன்னாங்க. ஷூ சரியில்ல, தரை சரியில்லன்னு சொல்லுற பிள்ளை எங்கயும் உருப்படாது. நாங்க படிக்கிற காலத்துல வெறுங்கால்லதான் ஆடுனோம், கருவேல முள்ளுல. என்ன குறைஞ்சு போனோம்?

சரி, அளந்த கதைக்கு வாரேன். முதல் நாள் எங்க வழக்கப்படியே ஷூவும் துப்பட்டாவுமா குதிக்கச் சொல்லுச்சு அந்தம்மா. இசக்கித்தாய் ஏறுச்சு. எங்க டீம்ல நல்லா அடிக்கிற பிள்ளை. அப்பா உப்பளத்துல வேலை, அம்மா கிடையாது. தட்டு என்ன காட்டுச்சு தெரியுமா? முப்பத்திரெண்டு. என் ரெஜிஸ்தர்ல போன வருஷம் முப்பத்தொண்ணு. எப்படி? அம்புட்டு வயரும் சேந்து என் சாக்பீஸ் சொன்னதைத்தான் சொல்லுச்சு. நான் சுத்தி நின்ன வாத்தியாருங்களை ஒரு பார்வை பாத்தேன்.

மறுநாள்தான் கூத்து. அந்தம்மா வந்ததும் ஆம்பளைங்க எல்லாரும் வெளிய போங்கன்னுச்சு. பயலுக போனானுக. நான் நின்னேன். சார், நீங்களும்தான்னுச்சு. என் கிரவுண்டுல இருந்து என்னை! ரூம் கதவைச் சாத்தி, துப்பட்டாவைக் கழத்தி வச்சு, ஷூவைக் கழத்தி வச்சு, ரெண்டு கையையும் பின்னால கொண்டு போய் நல்லா வீசிக் குதிங்கன்னு சொல்லிக் குடுத்திருக்கு. நான் ஜன்னல் பக்கமா நின்னேன். பாக்க இல்ல, பொறுப்புன்னு ஒண்ணு இருக்குல்ல. இசக்கித்தாய் குதிச்ச சத்தமே கேக்கல சார். முந்தின நாள் இறங்கும்போது ‘தொம்’முனு விழுந்த பிள்ளை, பூனை மாதிரி இறங்கிருக்கு. உள்ள ஒரே கைதட்டல். நாப்பத்தொண்ணாம். அப்புறம் அந்தம்மா கொண்டு வந்த நாலாம் நம்பர் ஷூவைப் போட்டுக் குதிச்சா, நாப்பத்திரெண்டாம். விடுதிக்கு முப்பத்தெட்டு இருந்தாப் போதும்.

எனக்கு ஒரே சந்தேகம், தட்டு ரிப்பேர்னு. கேக்கவும் செஞ்சேன். ஒரே நாளுல பத்து சென்டிமீட்டர் கூடுறதுக்கு இது என்ன முருங்கைக்காயா? அந்தம்மா பொறுமையாத்தான் சொல்லுச்சு. பெரிய ஷூவுக்குள்ள கால் வழுக்குது சார், பிள்ளை தரையைத் தள்ளுறதுக்குப் பதிலா ஷூவைத் தள்ளுது, பலம் பாதியிலயே போயிருதுன்னு. ஒரு கை துப்பட்டாவுல மாட்டிக்கிட்டா வீசுறதுக்குக் கை இல்ல, அதுலயும் நாலஞ்சு சென்டிமீட்டர் போகும்னு. வீசாதேன்னு நான் சொன்னேனா சார்? துப்பட்டாவைப் பிடின்னுதான் சொன்னேன்.

நான் விடல. பயலுக உங்க தட்டுலயும் அம்பதுதானே குதிச்சானுக, பிள்ளைங்க எவ்வளவு குதிச்சாலும் அதுக்குக் கீழதானேன்னு கேட்டேன். ஆமா, பொதுவா அப்படித்தான்னு ஒத்துக்கிட்டுச்சு. இறங்கும்போது முட்டி உள்ள சாயுறது பொம்பளைப் பிள்ளைங்களுக்குத்தானே கூடுதல்னு கேட்டேன். அதுக்கும் ஆமான்னுச்சு. அதுக்கப்புறம் ஏதோ நீளமாச் சொல்லுச்சு, அதைப் பழக்கத்தால திருத்தலாம், முட்டியை மடக்கி மெதுவா இறங்கச் சொல்லிக் குடுக்கணும், லூஸ் ஷூவைப் போட்டா அந்தச் சாய்வு ரெண்டு மடங்கு ஆகுது, அது இதுன்னு. எனக்கு அந்த ஆமா போதும். நான் இருபது வருஷமாச் சொல்லுறதை அஞ்சு வருஷம் படிச்சவங்க ஒத்துக்கிட்டாங்கல்ல.

கடைசியா அந்தம்மா ஒண்ணு கேட்டுச்சு. ‘நீங்க இத்தனை வருஷமா ஏறுறதை அளந்திருக்கீங்க சார். இறங்கும்போது என்ன ஆச்சுன்னு யாராவது எழுதி வச்சிருக்காங்களா?’

என்ன ஆகும், முட்டி போகும். எங்க டீம்ல மூணு பிள்ளைங்களுக்கு முட்டி போச்சு. அது ரெஜிஸ்தர்ல வராது, அது அவங்க அவங்க தலையெழுத்து. இன்னைக்குக் கல்யாணம் ஆச்சே சண்முகக்கனி, அந்தப் பிள்ளைக்கும் அப்படித்தான். நாலு வருஷத்துக்கு முந்தி, ஃபைனல். எகிறி ஒரு அடி அடிச்சுச்சு பாருங்க, எதிர் டீம்காரங்க கை வைக்க முடியல. பாயிண்டு நமக்கு. இறங்கும்போது முட்டி உள்ள திரும்பி, ‘டொக்’குனு ஒரு சத்தம், எனக்கு லைனுக்கு வெளிய கேட்டுச்சு. ஷூ ஒரு பக்கம் பாத்து நிக்குது, கால் ஒரு பக்கம் பாத்து நிக்குது. எந்திரி எந்திரி, இன்னும் ரெண்டு பாயிண்டுதான்னேன். எந்திரிக்கல. பிறகு விளையாட வரவே இல்ல. போலீஸ் வேலைக்குப் போகணும்னு சொல்லிக்கிட்டே இருக்கும். ஆனாப் பாருங்க, நல்ல இடத்துல கல்யாணம் முடிஞ்சுருச்சு. எல்லாம் நல்லதுக்குத்தான்.

ஸ்பீடு பிரேக்கரைக் கண்டா மெதுவாப் போகத் தெரியுதா இவனுக்கு? முட்டி விண்ணுனு தெறிக்குது.

எங்க விட்டேன்? ஆங், விடுதி. மார்ச் மாசம் ஃபாரம் வந்துச்சு. ஸ்கூல்ல இருந்து இசக்கித்தாய் பேரு. பேரு, வயசு, உயரம், எடை எல்லாம் எழுதியாச்சு. ‘நின்ற நிலையில் மேலே குதிக்கும் அளவு’ன்னு ஒரு கட்டம். அன்னைக்கு எனக்குப் பரீட்சை டூட்டி, தலைக்கு மேல வேலை. கை தானாப் போய் எழுதிருச்சு. ‘சென்ற ஆண்டு போலவே.’ பழக்கம் சார். இருபது வருஷமா எழுதுற கை. வேணும்னே எழுதினேன்னு அந்தம்மா நினைக்குது. வேணும்னே இல்ல. எழுதினதுக்கு அப்புறம் கண்ணுல பட்டுச்சு, அது வேற. பட்டுச்சு, சரி இருக்கட்டும்னு விட்டுட்டேன். என் சுவர்ல முப்பத்தொண்ணுதானே தொட்டுச்சு? என் ரெஜிஸ்தர்ல இருக்கிறதைத்தானே நான் சொல்ல முடியும்?

விடுதி ஆபீஸ்காரங்களும் வேலை மெனக்கெட்டு, போன வருஷம் நான் அனுப்பின ரெஜிஸ்தர் நகலைத் தேடி எடுத்திருக்காங்க. முப்பத்தொண்ணு. முப்பத்தெட்டுக்குக் கீழ உள்ள பேரையெல்லாம் அடிச்சிட்டாங்க.

சேதி வந்த அன்னைக்கு அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்து நின்னுச்சு. அழும்னு நினைச்சேன், அழல. அழுதிருந்தா நானே ரெண்டு வார்த்தை ஆறுதலாச் சொல்லி அனுப்பிருப்பேன். ‘போன வருஷம் மாதிரின்னு எழுதிட்டீங்களே சார், போன வருஷம் என் கால்ல கிடந்தது யாரு ஷூ?’ன்னு கேக்குது. எனக்கு எப்படித் தெரியும்? பன்னெண்டு ஜோடி இருக்கு. எட்டாம் நம்பர்னு மட்டும் ஞாபகம். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவே இல்ல சார். வாத்தியாரைப் பாத்துக் கேக்குற கேள்வியா அது? சாப்பிட உக்காந்தா அதுதான் காதுல கேக்குது.

அப்புறம் ஃப்ளோரா அம்மா அந்த ஆபீசுக்கு நாலு தரம் நடந்திருக்கு. அவங்க சொல்லிட்டாங்க, பி.டி. மாஸ்டர் கையெழுத்துப் போட்டுத் திருத்தம் குடுத்தா பேரைச் சேத்துக்கிடுதோம், பிள்ளை வந்து எங்க முன்னால குதிச்சுக் காட்டட்டும், நாளைக்குத்தான் கடைசின்னு. அந்தம்மாவும் நாலு பக்கம் ரிப்போர்ட் அடிச்சு, கடைசிப் பக்கத்துல என் பேரைப் போட்டுக் கொண்டு வந்து குடுத்துச்சு. ‘முந்தைய அளவு பிழையானது’ன்னு இருந்துச்சு. பிழையா? யார் பிழை? இந்த வார்த்தை இருக்கிற பேப்பர்ல தளவாய் கையெழுத்து விழாதுன்னு சொல்லிட்டேன். ‘மாறுபாடு’ன்னு போட்டுக் கொண்டாங்கன்னேன். சண்டை போடும்னு பாத்தேன். மறுநாளே மாத்திக் கொண்டு வந்துருச்சு. இப்ப மாறுபாடுன்னுதான் இருக்கு.

இருந்தாலும் மனசு வரல. இதுல கையெழுத்துப் போட்டா அதோட முடியுமா? அப்ப சண்முகக்கனி முட்டி? மத்த ரெண்டு பிள்ளைங்க முட்டி? நாளைக்கு ஒருத்தன் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வருவான். வாசல்ல வந்து கேப்பான். அதை நினைச்சா ராத்திரி எந்திரிச்சுப் போய்த் தாழ்ப்பாளைப் பாத்துட்டு வாரேன் சார், பொய் சொல்லல. பிள்ளைக்கு என்ன, இன்னும் வயசு இருக்கு, வேற வழி பாத்துக்கிடும். எனக்கு ஒரு வருஷம்தான் இருக்கு.

இசக்கித்தாய் தினமும் வந்து கேக்குது, சார் போட்டுட்டீங்களான்னு. இன்னைக்குக் காலையில கல்யாணத்துக்குக் கிளம்பும்போதும் வந்துருச்சு. வந்து பாத்துக்கிடுதேன் போன்னேன். எந்த பஸ்ல சார் வருவீங்க, நான் விலக்குல நிக்கேன்னுச்சு. நிக்கட்டும்.

கல்யாணம் நல்லா இருந்துச்சு. சண்முகக்கனி என்னை மறக்காமப் பத்திரிக்கை அனுப்பிருந்துச்சு பாருங்க, அந்த மரியாதை யாருக்கு வரும்? மணமேடையைச் சுத்தி வரும்போது ஒரு காலைச் சாச்சுச் சாச்சு மெதுவா நடந்துச்சு. வெக்கம். மைதானத்துல பேயா ஆடுன பிள்ளை, தாலி ஏறினதும் எப்படி ஒரு அடக்கம் வந்துருச்சு பாருங்க. நான் மேடையேறி ஆசீர்வாதம் பண்ணேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு, படி பாத்து இறங்குங்க சார்னு சொல்லுச்சு. கண்ணு கலங்கிருச்சு எனக்கு.

டீம் பிள்ளைங்க எல்லாம் வந்திருந்தாங்க. சண்முகக்கனியோட ஆடுனவங்க அஞ்சு பேரு, வாசல்ல செருப்புக் கிடக்கிற இடத்துல நின்னு ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுக்கிட்டுச் சிரிப்பு. என்னைக் கண்டதும் எல்லாரும் சேந்து, வணக்கம் சார்னாங்க. நான் செருப்பைத் தேடுதேன், காணல. அத்தனை செருப்பும் போனப்புறம் இந்தப் பத்தாம் நம்பர் மட்டும் கிடக்கு. ஏளா, இது எனக்கு எப்படிச் சேரும்னு கேட்டேன். அதுல ஒரு பிள்ளை, லெட்சுமிகாந்தம்னு பேரு, அதுக்கும் முட்டி போனதுதான், மூஞ்சியில ஒரு சிரிப்பும் இல்லாமச் சொல்லுச்சு. ‘முன்னால பேப்பர் வச்சுக்கோங்க சார், சரியாப் போகும்.’

பாத்தீங்களா சார்? நான் சொல்லிக் குடுத்தது. நாலு வருஷம் ஆகியும் மறக்கல. வாத்தியாருக்கு வேற என்ன வேணும்?

எதுக்குச் சிரிக்கீங்க? சந்தோஷமான விஷயம்தான், சிரிங்க.

அவங்க சொன்னப்புறம்தான் எனக்கே தோணுச்சு. உங்ககிட்ட பேப்பர் இருக்கா? தினசரி ஏதாவது? இப்ப யாரு வாங்குதா, எல்லாம் போன்லதான். முன்னாலன்னா ஒரு பஸ்ல பத்துப் பேரு கையில இருக்கும். சரி, என்கிட்டயே இருக்கே. இந்த ரிப்போர்ட் நல்ல கெட்டிப் பேப்பர். நாலு பக்கத்தையும் நாலா மடிச்சா… பாருங்க, அளந்து வச்ச மாதிரி இருக்கு. செருப்புல முன்பக்கம் மூடியிருக்கிறதால உள்ள நிக்கும். காலைப் போட்டுப் பாக்கேன். ம். பரவாயில்ல.

கிழிஞ்சிராது சார். வீட்டுல போய் எடுத்து நீவி வச்சாச் சரியாயிரும். கையெழுத்துப் போடுறதா இருந்தாப் போடலாம், இப்ப என்ன அவசரம். நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் இருக்கே.

விலக்கு வந்துருச்சு போல. அந்தா நிக்குது பாருங்க, வேப்ப மரத்தடியில, நீலச் சுடிதார். கையில பேனா வேற. இந்த வெயில்ல எந்த பஸ் வந்ததுல இருந்து நிக்குதோ. பிடிவாதம் பிடிச்ச பிள்ளை சார், அந்தப் பிடிவாதத்துக்காகவே போட்டுக் குடுத்துரலாம்னு ஒரு நேரம் தோணுது. ஒரு நேரம் தோணல.

இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க. கண்டக்டர், இருப்பா, ஆள் இறங்கணும். இந்தப் படியை எதுக்கு இம்புட்டு உசரத்துல வச்சிருக்கான்? இதைக் கட்டினவனைத்தான் முதல்ல உதைக்கணும். ஏறும்போது ஒண்ணும் தெரியல சார். இறங்கத்தான்… கால் உள்ள வழுக்குது. பேப்பர் நிக்க மாட்டேங்குது, ஒரு பக்கமா சுருட்டிக்கிட்டுப் போகுது. முட்டி வேற உள்ள சாயுது. தோளைக் குடுங்க, விழுந்திருவேன் போல இருக்கு.

என்னம்மா சொல்லுதே? சத்தமாச் சொல்லு, வண்டி இரைச்சல்ல கேக்கல.

முட்டியை மடக்கி, மெதுவா இறங்கணுமாம் சார். எனக்குச் சொல்லுது.

என்ன? பேப்பரா? இருக்கு தாயி, கொண்டு வந்திருக்கேன், பத்திரமா இருக்கு. முதல்ல கையைக் குடு.